அந்தரமாறனின் முகம்

இறந்தவர்களின் கண்களைத் திறந்து வைப்பது பீமராவின் தொழில். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் பரக்கத் அலி நடத்தும் அச்சுக் கடையில், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வடிவமைக்கும் நாற்காலி பல ஆண்டுகளாக அவருடையது. துக்க வீட்டார் கல்யாணக் கூட்டப் படம் ஒன்றை நீட்டுவார்கள். அதுவும் இல்லையென்றால் ஆதார் அட்டையை. கூட்டத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் அவர் பிரித்தெடுப்பார். பக்கத்தில் நின்றவரின் தோளை அழிப்பார். பாதி மூடிய இமையை உயர்த்தி, கருவிழியில் ஒரு புள்ளி வெளிச்சம் வைப்பார். திரையைப் பார்த்து, “எங்கப்பா இப்படித்தாங்க பாப்பாரு” என்று யாராவது விம்மினால் அந்த வேலை முடிந்தது என்று பொருள்.

“அண்ணே, நம்ம ஊர்ல பாதிப் பேர் செத்தப்புறம்தான் லட்சணமா ஆகுறாங்க. எல்லாம் உங்க கைராசி” என்பார் பரக்கத் அலி.

பீமராவ் சிரிப்பதில்லை. போஸ்டரின் அடியில் ‘கண்ணீருடன்’ என்ற சொல்லுக்குக் கீழே வரும் உறவினர் பெயர்களை மட்டும் இரண்டு முறை படித்துச் சரிபார்ப்பார். துக்கத்தில் பெயர் விடுபட்டவன் அதை ஆயுளுக்கும் மறப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய பெயரும் ஓரிடத்தில் விடுபட்டுத்தான் இருந்தது.

அவருடைய தந்தை பொன்மலை ரயில்வே பணிமனையில் கலாசி, பாரம் தூக்கும் தொழிலாளி. தாம் மதித்த தலைவரின் பெயரை மூத்த மகனுக்கும், அந்தத் தலைவர் இறுதியில் சரணடைந்த புத்தரின் பெயரை இளைய மகனுக்கும் வைத்தார். பணிமனையில் கழித்துப் போட்ட எந்திர வரைபடத் தாள்களைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் பீமராவ் படம் வரையக் கற்றார். கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை. முன்பக்கத்தில் இருந்த கொதிகலன்களும் ரிவெட் ஆணிகளும் தாளின் வழியே மங்கலாகத் தெரியும். அவற்றின் மேலேயே கோடிழுத்துப் பழகியதால், பிற்காலத்தில் அவர் வரைந்த விண்கலங்களில் ஆணிகள் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்தன.

ஸ்ரீரங்கத்திலிருந்து அந்நாளில் ‘சித்திரச்சுடர்’ என்றொரு காமிக்ஸ் மாத இதழ் வந்துகொண்டிருந்தது. இருபத்து நான்கு வயதில் பீமராவ் அதற்காக உருவாக்கிய நாயகன் அந்தரமாறன்.

அந்தரமாறன் பிறந்தது கருங்கோள் என்னும் கிரகத்தில். அதற்கு மேலே, வளையம்போல ஒரு நகரம் மிதந்தது. வளையத்தார் பகலிலும் விளக்கெரித்து வாழ்ந்தார்கள். அந்த விளக்குகளுக்காகக் கீழே உலையார் நாளெல்லாம் உலை மூட்டினார்கள். ஒருநாள் உலையில் விரிசல் விட்டது. உள்ளே ஆட்கள் இருக்கும்போதே கதவை வெளியிலிருந்து அடைக்கும்படி வளையத்திலிருந்து உத்தரவு வந்தது. மாறனைத் தவிர அனைவரும் மாண்டார்கள். நெருப்பு அவனை எரிக்காமல் அவனுக்குள் குடிபுகுந்தது. அவன் கதவை உருக்கிக்கொண்டு வெளியே வந்தான். உலைக்குள்ளிருந்து வந்தவனின் முகத்தைக் கண்டால் கண்டவர் பார்வை போய்விடும் என்று வளையத்தார் செய்தி பரப்பினார்கள். மாறனும் அதை நம்பினான். இரும்புக் கவசத்தால் முகத்தை மூடிக்கொண்டான். உருகிய கதவிலிருந்து ‘கூழாங்கல்’ என்றொரு சிறு கலத்தைச் செய்து, விண்வெளியில் பறந்துபோனான்.

ஆறு ஆண்டுகள், மாதம் ஒரு கதை. அந்தரமாறன் யாரையும் அடித்ததில்லை. பிளந்த நிலவு, கிழிந்த கலம், ஓட்டை விழுந்த வானம் என எங்கே விரிசல் கண்டாலும் விரல் நெருப்பால் பற்றவைத்து அடைப்பான். காப்பாற்றப்பட்டவர்கள் முகத்தைக் காட்டும்படி கேட்பார்கள். “அடைப்பு நிற்கிறதா என்று பாருங்கள். என்னைப் பார்க்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் புறப்படுவான். துவாக்குடிப் பட்டறைகளில் வெல்டர்கள் ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அந்த வசனம் ஊரில் புழங்கியது.

அது துவாக்குடிக்குப் போனதற்குக் காரணம் இருந்தது. தம்பி சித்தார்த்தன் அங்கே ஒரு பட்டறையில் வெல்டர். அந்தரமாறனின் கவசம் அவனுடைய வெல்டிங் முகமூடிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மாட்டிக்கொண்டு, அண்ணனுக்காக அவன் நாற்காலி மேல் ஏறி நிற்பான், மேசைக்கடியில் ஊர்ந்து போவான், கதவு நிலையைப் பிடித்துத் தொங்குவான். சித்தார்த்தனைப் புதிதாக மணமுடித்து வந்த அனுசுயா, வையம்பட்டிப் பெண், இந்தக் கூத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த நாட்கள் உண்டு.

இதழில் பீமராவின் பெயர் ஒருபோதும் வரவில்லை. ‘கதை, சித்திரம்: ரெங்கா’ என்றே அச்சாயிற்று. இதழின் உரிமையாளர் முதல் நாளே அதைச் சொல்லிவிட்டார். பீமராவ் என்ற பெயரைப் பார்த்தால் ஏஜெண்டுகள் வேறு மாதிரி நினைப்பார்கள், ரெங்கா என்றால் ஊருக்கே பொதுப் பெயர் என்றார். அப்போது பீமராவ் தலையாட்டினார். பிறகு ஒவ்வொரு இதழ் வந்ததும் தம் பெயரைப் போடச் சொல்லி உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார். எழுதிய ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்துக் கோப்பில் வைத்தார். பதில் வந்ததில்லை.

1992 தீபாவளி மலருடன் இதழை நிறுத்துவதென்று முடிவாயிற்று. அந்தரமாறனுக்கு ஒரு முடிவு எழுத வேண்டியிருந்தது. பீமராவ் அதுவரை எழுதியதிலேயே மேலானதை எழுதினார். கருங்கோளின் சூரியன் வெடிக்கிறது. அன்று கதவை அடைத்த வளையத்தாரே மாறனைக் கூப்பிட்டுக் கெஞ்சுகிறார்கள். விரல் நெருப்பு போதவில்லை. உடலில் உள்ள நெருப்பு முழுவதும் வெளியேற வேண்டுமானால் கவசத்தைக் கழற்றியாக வேண்டும். கழற்றுகிறான். சூரியன் மூடிக்கொள்கிறது; மாறன் அணைகிறான். கீழே உலையார் அத்தனை பேரும் அண்ணாந்து அவன் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒருவருக்கும் பார்வை போகவில்லை. அது பொய். இத்தனை காலமும் மறைத்து வைத்தது, அவர்களில் ஒருவனுடைய சாதாரண முகம். கடைசிப் பக்கம் முழுவதும் அந்த முகம்தான்: சித்தார்த்தனின் முகம்.

உரிமையாளருக்கு விளம்பரம் தெரியும். அந்த முகத்தைப் பெரிதாக்கி, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று தலைப்பிட்டு, தோற்றம் கருங்கோள், மறைவு தீபாவளி என்று போட்டு, சத்திரம் சுவர்களிலும் மெயின்கார்டு கேட்டிலும் ராஜகோபுரத்துக்கு எதிரிலும் ஒட்டினார். ஊர் பதறியது, பிறகு விஷயம் தெரிந்து சிரித்தது. பட்டறையில் சித்தார்த்தனின் சட்டை மாட்டும் ஆணிக்கு மாலை போட்டார்கள். டீக்கடையில், “செத்தவனுக்கு ஒரு டீ போடுப்பா” என்றார்கள். அவன் எல்லாவற்றுக்கும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அனுசுயா மட்டும், இது வேண்டாத விளையாட்டு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறு ஆண்டு ஆடியில், ஒரு பெரிய தொட்டியின் உட்புறத் தகட்டு இணைப்பைப் பற்றவைக்க சித்தார்த்தன் உள்ளே இறங்கினான். முந்தைய ஷிப்டில் செலுத்திய வாயு தொட்டியின் அடியில் தேங்கியிருந்தது. வாசனையில்லாத, மூச்சை அடைக்கும் வாயு. வெளியே காவல் நிற்க வேண்டியவனை வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அனுமதியில்லாமல் இறங்கினான் என்று பட்டறை எழுதிக்கொண்டது.

உடலை வீட்டில் கிடத்திவிட்டு, உறவினர்கள் பீமராவை அச்சகத்துக்கு அனுப்பினார்கள். போன் இல்லாத வீடுகளுக்குச் சாவுச் செய்தி சுவர் வழியாகத்தான் போக வேண்டும். இதழ் அச்சான அதே அச்சகம். போர்மேன் புகைப்படம் கேட்டார். கல்யாணப் படம் அனுசுயாவின் பெட்டிக்குள் இருந்தது. அந்த நேரத்தில் அவளிடம் போய்ச் சாவி கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பழைய போஸ்டரின் பிலிம் அலமாரியில் இருந்தது. “அதே முகத்தப் போட்டுருங்க” என்றார் பீமராவ். பெயரும் தேதியும் மட்டும் மாறின.

ஊர் அதை நம்பவில்லை. அந்தரமாறன் திரும்பி வரப்போகிறான், அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தது. கல்லூரி மாணவர்கள் இருவர் முகவரியை விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து, புது இதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். கேட்டபடியே உள்ளே எட்டிப் பார்த்து, பேச்சு நின்று, செருப்பை மாட்டக்கூடத் தோன்றாமல் ஓடினார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அனுசுயா அதைப் பார்த்தாள்.

அவளுடைய அண்ணன் மருதை அன்று காலை சத்திரத்தில்தான் இருந்தார். வையம்பட்டியிலிருந்து மிளகாய் மூட்டையோடு வந்தவர், சுவரைப் பார்த்து, “மாப்ள மறுபடியும் செத்துட்டாரா” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, ஊருக்குப் பஸ் ஏறினார். கணவனை இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வர வேண்டும். அந்தக் கோடி வந்து விழுந்த பிறகுதான் உடலை எடுப்பார்கள். மாலைவரை வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். கோடி விழாத தோளோடு அனுசுயா நின்றாள். மருதை விவரம் தெரிந்து ஓடிவந்தபோது வீட்டைக் கழுவியிருந்தார்கள்.

அன்றிலிருந்து அனுசுயா பீமராவோடு நேராகப் பேசியதில்லை. சண்டை போடவில்லை. அவர் வந்தால் தண்ணீர் கொடுப்பாள். சொல்ல வேண்டியதைத் தன் மகள் ஜோதியிடம் சொல்லுவாள். ஜோதி அவரிடம் சொல்லுவாள். ஒரே ஒரு முறை, கருமாதி முடிந்த அன்று, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அந்த மூஞ்சி இனி எந்தச் செவுத்துலயும் ஏறக் கூடாது.” பீமராவ் சரி என்றார்.

இதழ் நின்றது, அந்தரமாறன் நிற்கவில்லை. பழைய புத்தகக் கடைகளில் அந்தத் தீபாவளி மலரைத் தேடி வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இணையத்தில் ரசிகர் குழுக்கள் தோன்றின. மாறன் உண்மையிலேயே இறந்தானா, ரெங்கா என்பவர் யார், உயிரோடு இருக்கிறாரா என்றெல்லாம் விவாதித்தார்கள். ரெங்கா அமெரிக்காவில் விண்வெளிப் பொறியாளராக இருக்கிறார் என்று ஒருவர் எழுதியதை நூற்றுக்கணக்கானவர்கள் விரும்பியிருந்தார்கள். பீமராவ் அதையும் அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தார்.

சென்ற ஆண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து மைதிலி போன் செய்தாள். உரிமையாளர் காலமாகிவிட்டார், அவருடைய மகள் அவள். உத்தர வீதி வீட்டில், காபி கொடுத்து உட்காரவைத்து, மரியாதையாகவே பேசினாள். சென்னை நிறுவனம் ஒன்று அந்தரமாறன் கதைகள் முழுவதையும் ஒரே தொகுதியாக வெளியிடப் போகிறது. முதல் பக்கத்தின் மாதிரியை எடுத்து அவர் முன் வைத்தாள். ‘படைப்பு: பீமராவ்’ என்று அதில் இருந்தது.

அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. மேசையில் இருந்தபடியே குனிந்து பார்த்தார்.

“அப்பா பண்ணது தப்புன்னு எனக்குத் தெரியும். பெருமாள் இப்பவாவது அதைச் சரிபண்ண வழி காட்டியிருக்கார்” என்றாள் மைதிலி. பிறகு தயங்கியபடியே விஷயத்துக்கு வந்தாள். கடைசிக் கதையில் இருப்பது இறந்துபோன ஒருவரின் நிஜ முகம் என்பது நிறுவனத்தின் வக்கீலுக்குத் தெரிந்துவிட்டது. குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும்: இறந்தவரின் மனைவியும் பீமராவும் கையெழுத்திட வேண்டும். அந்த முகம்தான் அட்டையில் வரும். வெளியீட்டின்போது, அன்றைக்கு ஒட்டியது போலவே, அதே சுவர்களில் அதே போஸ்டரை ஒட்டவும் திட்டம்.

பீமராவ் எடமலைப்பட்டி புதூரில் அனுசுயாவின் வீட்டுக்குப் போனார். ஜோதி வேலைக்குப் போயிருந்தாள். அனுசுயா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நடுவில் சொல்ல ஆள் இல்லாததால் அவர் காற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பெயர் வரப்போவதைச் சொன்னார். கையெழுத்தைச் சொன்னார். போஸ்டரைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, முதல் முறையாக, அவரைப் பார்த்தே பேசினாள்.

“பேரு வேணும்னு நீங்க எத்தன வருசமாக் கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. கையெழுத்துதானே, போடச் சொன்னாப் போடுறேன். ஆனா அந்த மூஞ்சி செவுத்துல ஏறுனா, நான் சத்திரம் பக்கம் போவ முடியாது. பஸ்ஸுல போனாலும் கண்ண மூடிக்கிட்டுத்தான் போவணும். அத மட்டும் யோசிச்சுக்கங்க.”

பேனாவை அவர் சட்டைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை.

கடைசிக் கதை இல்லாமல் தொகுதி இல்லை. ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். உறையூரில் தம் அறையில், கடைசிப் பக்கத்தை மறுபடி வரைந்தார். இந்த முறை அந்தரமாறன் கவசத்தைக் கழற்றவில்லை. சூரியன் மூடிக்கொள்கிறது; கவசம் மூடியபடியே அவன் அணைகிறான். கீழே உலையார் அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரிவது இரும்பு. முகத்தைக் கண்டால் பார்வை போகும் என்ற பொய், இனி ஒருபோதும் பொய்யென்று தெரியப்போவதில்லை. தம் கதையின் உயிரைத் தம் கையாலேயே எடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் கோடு பிசகாமல் வரைந்தார்.

மை காய்வதற்குள் இன்னொன்றும் அவருக்கு விளங்கியது. முகம் இல்லையென்றால் சம்மதம் தேவையில்லை. சம்மதம் தேவையில்லையென்றால் அவரே தேவையில்லை. அவர் பெயருக்கு ஈடாக அவர்கள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதை அவர் இப்போது தாமே இல்லாமலாக்கிவிட்டார். படத்தைக் கிழித்திருக்கலாம். மறுநாள் அதை உறையிலிட்டு ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மைதிலி சில வாரங்கள் கழித்துப் போன் செய்தாள். “அப்பா பேர்ல இருக்கற உரிமையே போறும்னு வக்கீல் சொல்லிட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வாசகாளுக்குத் தெரிஞ்ச பேர் ரெங்காதான், அதுவே இருக்கட்டும்னுட்டா.” பீமராவ், சரிம்மா என்றார். அவள் அழுதிருக்க வேண்டும். அவர் போனை வைத்துவிட்டார்.

திருச்சிக்கான போஸ்டர் வேலை பரக்கத் அலியின் கடைக்கே வந்தது. பீமராவ் அங்கே வேலை செய்வது நிறுவனத்துக்குத் தெரியாது. ஊரில் கண்ணீர் அஞ்சலி என்றால் இந்தக் கடைதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கவசமணிந்த அந்தரமாறனைப் பீமராவே திரையில் நடுவில் வைத்தார். ‘படைப்பு: ரெங்கா’ என்று அவரே தட்டெழுதினார். அடியில் ‘கண்ணீருடன்’ என்ற சொல்லுக்குக் கீழே அவர்கள் ஒன்றும் அனுப்பவில்லை.

பரக்கத் அலி பின்னால் வந்து நின்றார். “கண்ணீருடன்னு போட்டுட்டு ஆளே இல்லாம வுட்டா நல்லாவா இருக்கு? அநாதப் பொணம் மாதிரி. உங்க பேரப் போடுங்க அண்ணே. பெத்தவரு நீங்கதானே. எவன் கேக்கப் போறான்?”

பீமராவ் வேண்டாம் என்றார். பரக்கத் அலி தொழுகைக்குப் போன பிறகு, சிறிய எழுத்தில், ‘பீமராவ்’ என்று சேர்த்தார். வழக்கம்போல இரண்டு முறை படித்துச் சரிபார்த்தார். மாதிரியைப் பார்த்த நிறுவனத்தார் அதைக் கவனிக்கவில்லை. அந்தரமாறனுக்கு அருகில் அவர் பெயர் அச்சேறியது அப்போதுதான்.

போஸ்டர் ஒட்டிய இரண்டாம் நாள், மருதை ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்கச் சத்திரத்தில் இறங்கினார். தள்ளாத வயது. அந்த ஆடி மாதத்திலிருந்து அவர் எந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்வதில்லை. கிட்டே போய் அடிவரை படிப்பார். சுவரில் அந்தரமாறன் இருந்தான். அவருக்குக் கால் நின்றுவிட்டது. அடியில் கண்ணீருடன் பீமராவ் என்று இருந்தது. பீமராவ் கண்ணீர் விடுகிறாரென்றால் போனது அந்த வீட்டு ஆள். அந்த வீட்டில் மிச்சம் இருந்தது யார்? தங்கைதான். போன் பண்ணிக் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. எதிரில் இருந்த ஜவுளிக்கடைக்குள் ஏறி, இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் கோடிப்புடவை ஒன்று வாங்கினார். பூக்கடையில் ஒரு மாலை வாங்கினார். எடமலைப்பட்டி புதூர் பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் இருந்தவர்கள் கேட்க, வாய்விட்டு அழுதுகொண்டே போனார்.

கதவைத் திறந்தது அனுசுயாதான்.

பீமராவுக்குப் போன் வந்தபோது, அவர் யாரோ ஒரு தாத்தாவின் இமையை உயர்த்திக்கொண்டிருந்தார். அந்த எண்ணிலிருந்து எப்போதும் ஜோதிதான் பேசுவாள். இம்முறை வேறு குரல்.

“மாமா.”

“சொல்லும்மா.”

“நீங்க போட்ட போஸ்டரப் பாத்துட்டு, நான் செத்துட்டேன்னு எங்க அண்ணன் வந்து நிக்குறாரு. கோடி எடுத்துக்கிட்டு.”

பெயரை எடுத்துவிடுகிறேன், இன்றைக்கே சுவர் சுவராகப் போய்க் கிழித்துவிடுகிறேன் என்று பீமராவ் ஏதேதோ சொல்லத் தொடங்கினார். மறுமுனையில் வயதான ஆண் ஒருவர் தேம்புவது கேட்டது. அனுசுயா அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“கிழிக்க வேணாம். அன்னைக்கு வராத கோடி, இன்னைக்காவது வந்துச்சு. எம் மேல போட மாட்டேங்குறாரு, உசுரோட இருக்கவளுக்கு எப்படிப் போடறதுன்னு. மாலைய உங்க தம்பி போட்டோவுக்குப் போட்டாச்சு. புடவைய மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. எனக்கு ஒண்ணும் ஓடல.”

அவள் அண்ணனிடம் ஏதோ சொல்லிவிட்டு மீண்டும் போனுக்கு வந்தாள்.

“நீங்க வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்க மாமா” என்றாள். “உங்களுக்கும் ஒண்ணும் ஆவலன்னு அவரு பாக்கணும்.”

பீமராவ் திரையில் பாதி திறந்த கண்ணை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். வெளியே சந்து முனையில், அவர் வடிவமைத்த போஸ்டரின் மேல் அதற்குள் வேறொருவரின் கண்ணீர் அஞ்சலியை ஒட்டியிருந்தார்கள். கவசத்தின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. அவர் எடமலைப்பட்டி புதூர் பஸ்ஸுக்காக நின்றார்.